அபயாம்பாள் போட்ட ஐந்து ஸ்கூட்

வேதாந்தம் இறந்த பதினாறாவது நாள் அபயாம்பாள் ஆபீஸுக்கு வந்துவிட்டாள். வழக்கமான ஒன்பது ஐம்பதுக்கு வந்தாள், கையெழுத்துப் போட்டாள், என் அடுத்த மேஜையில் உட்கார்ந்து ஃபைலைப் பிரித்தாள். நான் எழுந்து போய் அவள் தோளில் கை வைத்தேன். "என்ன மீனாட்சி?" என்றாள், நான் ஏதோ சந்தேகம் கேட்க வந்தவள் மாதிரி.

அது தொண்ணூற்று நான்காம் வருடம். தியாகராய நகரில் உஸ்மான் ரோட்டை ஒட்டிய ஒரு தெருவில் எங்கள் இன்ஷூரன்ஸ் ஆபீஸ் இருந்தது. இரண்டு பேரும் கிளெய்ம் செக்‌ஷன். அவளுக்கு அப்போது நாற்பத்தேழு வயது. மயிலாப்பூரில் சித்திரைக்குளத்துக்குப் பக்கத்தில், ஒரு மாடிப் போர்ஷனில் புருஷனும் அவளுமாக இருந்தார்கள். குழந்தை இல்லை. வேதாந்தம் பொதுப்பணித் துறையில் கட்டடப் படம் வரைபவர். லஸ் முனையில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

ஆபீஸில் எல்லோரும் அவள் ஒரு நாள் உடைந்து அழுவாள் என்று காத்திருந்தோம். சொல்லப்போனால் அதற்குத் தயாராகவே இருந்தோம். அவள் அழவில்லை. இறப்புக் கிளெய்ம் ஃபைல்கள் அவள் மேஜைக்குத்தான் வரும். அவற்றை வேறு யாருக்காவது மாற்றலாமா என்று மேனேஜர் ஜெயராம் கேட்டார். "வேண்டாம் சார், பழகின வேலை" என்று சொல்லிவிட்டாள். புருஷனை இழந்தவர்கள் எதிரே வந்து உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். இவள் எந்த இடத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்று விரலால் காட்டுவாள்.

மத்தியானச் சாப்பாடுதான் கஷ்டமாக இருந்தது. டப்பாவைப் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு, மீதி நேரம் முழுவதும் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட எனக்கே ஒரு மாதிரி இருக்கும். ஒரு நாள் கையைப் பிடித்து மொட்டை மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு ஷெட். ஸ்டாஃப் மனமகிழ் மன்றம் என்று போர்டு தொங்கும். உள்ளே ஒரு கேரம் போர்டு, நாலு மேஜை, நிறைய சீட்டுக்கட்டு.

"ரம்மி தெரியுமா?"

"தெரியும். ரயில்ல போறச்சே நானும் அவரும் ஆடுவோம்" என்றாள்.

அன்றிலிருந்து தினமும் ஆடினாள்.

எங்கள் மன்றத்தில் இருநூற்றொன்று வைத்து ஆடுவோம். ஆளுக்குப் பதின்மூன்று சீட்டு. யார் முதலில் சீட்டுகளை வரிசையாகச் சேர்த்துக் காட்டுகிறார்களோ அவர்களுக்குப் பூஜ்யம். மற்றவர்கள் கையில் சேராமல் நிற்கும் சீட்டுகளின் எண்களைக் கூட்டிய தொகை அவரவர் கணக்கில் ஏறும். இருநூற்றொன்றைத் தொட்டவர் வெளியே. கை மோசமாக இருந்தால், ஒரு சீட்டும் எடுப்பதற்கு முன்னாலேயே எல்லாவற்றையும் கவிழ்த்து வைத்து அந்த ஆட்டத்திலிருந்து விலகிக்கொள்ளலாம். அதற்கு ஸ்கூட் என்று பெயர். இருபத்தைந்து பாயின்ட் ஏறும். ஆடித் தோற்றால் எண்பது வரைக்கும் ஏறலாம் என்பதால் ஸ்கூட் புத்திசாலித்தனம்தான். ஆனால் எட்டு ஸ்கூட் போட்டால் இருநூறு. அதற்கு மேல் போட முடியாது.

அபயாம்பாள் சீட்டைக் கையில் எடுத்துப் பொறுமையாக அடுக்குவாள். ஒரு நிமிடம் பார்ப்பாள். பிறகு சத்தமில்லாமல் கவிழ்த்து வைத்துவிட்டு மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். மோசமான கைக்கும் ஸ்கூட், சுமாரான கைக்கும் ஸ்கூட். பிரமாதமான கை வந்தால்தான் ஆடுவாள். ஜெயித்தாலும் முகத்தில் ஒன்றும் தெரியாது, தோற்றாலும் தெரியாது. யூனியனில் முக்கியமான ஆளான ரகுபதி அவளுக்கு 'ஸ்கூட் மேடம்' என்று பெயர் வைத்தார். அதையும் அவள் காதில் வாங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை.

மெட்ராஸ் என்ற பெயர் போய்ச் சென்னை ஆனதே, அந்த வருடம் டிசம்பரில் மன்றத்தின் ஆண்டுப் போட்டி வைத்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பது மணிக்கு. பதினெட்டுப் பேர் பெயர் கொடுத்திருந்தார்கள். முதல் பரிசு, மேஜையில் வைக்கிற கிரைண்டர். அப்போது அது புதுசு. இரண்டாவது மிக்ஸி. மூன்றாவது சுவர்க் கடிகாரம். மூன்றோடு சரி. நாலாவது வந்தவருக்குக் கைதட்டல்தான்.

எனக்கு ஸ்கோர் எழுதும் வேலை. மூன்று மேஜைகளில் ஆரம்பித்து, மேஜைக்கு இரண்டு பேர் மிஞ்சி, மத்தியானம் ஆறு பேர் ஒரே மேஜைக்கு வந்தார்கள். அபயாம்பாள் தன் வழக்கப்படி ஸ்கூட் போட்டுப் போட்டு, மற்றவர்கள் ஒருவரை ஒருவர் வெட்டிக்கொண்டு விழ, அந்த ஆறில் ஒருத்தியாக வந்திருந்தாள். கடைசி மேஜையில் அவளுக்குச் சீட்டு கொட்டியது. ஆடாமல் இருக்கவே முடியாத கைகள். மூன்று மணிக்கு இரண்டு பேர் வெளியேறி நாலு பேர் மிஞ்சியபோது என் நோட்டில் இப்படி இருந்தது: அபயாம்பாள் அறுபத்திரண்டு. புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த சாய்நாத் நூற்றுப் பதினெட்டு. ரகுபதி நூற்று நாற்பத்தாறு. தேவானை நூற்றுத் தொண்ணூறு.

தேவானை எங்கள் ரெக்கார்டு ரூம் அட்டெண்டர். சைதாப்பேட்டையில் ஆற்றோரக் குடிசைப் பகுதியிலிருந்து வருகிறவள். அவளுக்கு இன்னும் பதினோரு பாயின்ட் ஏறினால் போதும், ஆட்டம் முடிந்தது. ஸ்கூட் போடவும் முடியாது. ஒவ்வொரு ஆட்டத்தையும் ஆடியே ஆக வேண்டும்.

"இன்னாம்மா, எழுதிட்டியா? நூத்தித் தொண்ணூறுதானே? கடிகாரமாவது கெடைக்குமான்னு பாக்கலாம்" என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

தேவானை வெளியேறினால் மற்ற மூவருக்கும் பரிசு நிச்சயம். மூன்று பேருக்கும் அது தெரியும். யாராவது ஒருவர் அவளை அடித்து வெளியே தள்ளிவிட்டால் நல்லது. ஆனால் அடிக்கப் போய் நாமே எண்பது வாங்கிவிட்டால்? இதுதான் மூன்று பேர் மனதிலும் ஓடியது.

அடுத்த ஆட்டம். அபயாம்பாளுக்கு நான் பக்கவாட்டில் உட்கார்ந்திருந்தேன். அவள் சீட்டை அடுக்கினாள். சிவப்பு ஆட்டினில் நாலு, ஐந்து, ஆறு, ஏழு. கிளாவரில் இன்னொரு வரிசை. இரண்டு ராணி. கூடவே இரண்டு ஜோக்கர். ஒரே ஒரு சீட்டு சேர்ந்தால் ஆட்டம் முடிந்தது. அப்படி ஒரு கை வருஷத்துக்கு ஒரு தடவை வரும். தோற்றால்கூட அவளுக்குப் பெரிதாக எதுவும் ஏறப் போவதில்லை.

முதலில் ஆட வேண்டியவள் அவள்தான். எப்போதும் போல ஒரு நிமிடம் பார்த்தாள்.

கவிழ்த்து வைத்தாள். "ஸ்கூட்."

வாயைத் திறக்கக் கூடாது என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டு எண்பத்தேழு என்று எழுதினேன். ரகுபதி அவளைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார், அவரும் கவிழ்த்தார். சாய்நாத் நகத்தைக் கடித்துக்கொண்டே கவிழ்த்தான். தேவானை ஒரு சீட்டும் எடுக்காமலே ஜெயித்துவிட்டாள்.

அடுத்த ஆட்டமும் அப்படியே ஆனது. மூன்று பேரும் ஸ்கூட். அபயாம்பாள் நூற்றுப் பன்னிரண்டு. சாய்நாத் நூற்று அறுபத்தெட்டு. ரகுபதி நூற்றுத் தொண்ணூற்றாறு. அப்போதுதான் ரகுபதிக்கு உறைத்தது. இனி அவராலும் ஸ்கூட் போட முடியாது.

மூன்றாவது ஆட்டத்தில் அபயாம்பாள் ஸ்கூட், சாய்நாத் ஸ்கூட். ரகுபதியும் தேவானையும் மட்டும் மோதினார்கள். கால் மணி நேரம் இழுத்தது. ரகுபதி போட்ட ஒரு கிளாவர் பத்தைத் தேவானை லபக்கென்று எடுத்துச் சீட்டை விரித்தாள். ரகுபதி நாலாவதாக வெளியேறினார். எழுந்து நின்று மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இனி மூன்று பேருக்கும் பரிசு உண்டு. அபயாம்பாள் நூற்று முப்பத்தேழுதான். மற்ற இருவரும் நூற்றுத் தொண்ணூறைத் தாண்டியோ தொட்டோ நிற்கிறார்கள். இப்போதாவது ஆடுவாள் என்று நினைத்தேன். நாலாவது ஆட்டத்தில் ஸ்கூட். சாய்நாத் வெளியேறினான். தேவானையும் அவளும் நேருக்கு நேர். ஐந்தாவது ஆட்டத்தில் மறுபடியும் ஸ்கூட். நூற்று எண்பத்தேழு. அறுபத்திரண்டில் நின்றவள், ஒரு சீட்டைக்கூடத் தொட்டு எடுக்காமல், ஐந்து ஆட்டத்தில் அங்கே வந்து நின்றாள்.

கடைசி ஆட்டத்தில் அவளுக்கும் வேறு வழி இல்லை. எடுத்தாள், போட்டாள், எடுத்தாள், போட்டாள். கையில் எதுவும் சேரவில்லை. தேவானை, "அவ்ளோதாம்மா" என்று மெதுவாகச் சொல்லிச் சீட்டை இறக்கினாள். அபயாம்பாள் தன் சீட்டுகளை அழகாக எண்ணி, "அறுபத்தி நாலு, எழுதிக்கோ" என்றாள்.

கைதட்டினோம். தேவானை கிரைண்டர் பெட்டி மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நின்றாள். "ஆட்டுக்கல்லுல ஆட்டி ஆட்டி முதுகே போச்சு எனக்கு" என்று எல்லோரிடமும் சொன்னாள். அப்போது ரகுபதி சாய்நாத்தைத் தனியே கூப்பிட்டுப் பேசிக்கொண்டிருந்தார். அந்த முதல் ஸ்கூட்டுக்கு அப்புறம் சீட்டைக் கூட்டிக் கலைத்தது சாய்நாத்தான். அபயாம்பாள் கவிழ்த்த கையை அவன் பார்த்திருக்கிறான்.

பத்து நிமிடத்தில் ரகுபதி மேனேஜரிடம் போனார். அபயாம்பாளும் தேவானையும் முன்னாலேயே பேசி வைத்துக்கொண்டு ஆடியிருக்கிறார்கள் என்றார். இல்லாவிட்டால் அந்தக் கையை உலகத்தில் எவனாவது கவிழ்ப்பானா? பரிசு கொடுப்பது நிறுத்தி வைக்கப்பட்டது. திங்கட்கிழமை விசாரிக்கலாம் என்றார் ஜெயராம். தேவானை பெட்டியிலிருந்து கையை எடுத்தாள்.

திங்கட்கிழமை சாப்பாட்டு வேளையில் ஷெட்டில் நாற்பது பேர் கூடிவிட்டார்கள். ஜெயராம் மன்றத் தலைவர் என்ற முறையில் நடுவில் உட்கார்ந்தார். முதலில் என்னைத்தான் கேட்டார்கள்.

"மேடம் கை என்னன்னு நீங்க பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"சாய்நாத் சொல்றது சரியா?"

நான் அபயாம்பாளைப் பார்த்தேன். அவள் ஜன்னலுக்கு வெளியே எதிர் மாடியில் காய்ந்த துணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "சரிதான்" என்றேன். பொய் சொல்லியிருக்கலாமோ என்று அப்புறம் பல நாள் நினைத்ததுண்டு.

ரகுபதி எழுந்தார். "கஷ்டப்படற பொண்ணு, கிரைண்டர் வேணும்னு ஆசைப்பட்டா, மேடம் இரக்கப்பட்டு விட்டுக் கொடுத்திருக்கலாம். நான் தப்புச் சொல்லல. ஆனா போட்டி போட்டிதான் சார்."

தேவானை சடாரென்று அபயாம்பாள் பக்கம் திரும்பினாள். கோபத்தைவிட வேறு ஏதோ அவள் முகத்தில் இருந்தது.

"அப்பிடியாம்மா? எனக்காவ உட்டுக்குடுத்தியா? பாவம்னு?"

"இல்ல" என்றாள் அபயாம்பாள்.

"அப்ப இன்னாத்துக்குக் கவுத்த? சொல்லும்மா. எனக்குத் தெரியணும்."

அபயாம்பாள் எழுந்திருக்கவில்லை. குரலும் ஏறவில்லை. கிளெய்ம் கவுண்டரில் எந்த இடத்தில் கையெழுத்து என்று சொல்வாளே, அதே குரலில் சொன்னாள்.

"நான் யாருக்காகவும் போடல. ஆட்டத்துலேர்ந்து வெளில போயிட்டா எழுந்துக்கணும். எழுந்துண்டா ஆத்துக்குப் போகணும். ஞாயித்துக்கிழமை சாயந்தரம் அங்க போய் என்ன பண்றது? ஸ்கூட் போட்டா இன்னும் ஒரு ஆட்டம் உக்காந்துண்டு இருக்கலாம். அதான் போட்டேன்."

ரகுபதிதான் விடாமல் கேட்டார். ஆனால் இப்போது அவர் குரல் இறங்கியிருந்தது. "நல்ல கை இருந்ததே மேடம். ஜெயிச்சிருந்தாலும் உக்காந்துதானே இருப்பீங்க?"

"தோத்துட்டா?"

"தோத்தா என்ன? உங்களுக்கு அறுபத்திரண்டுதானே!"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "ஆமா. அது அப்போ தோணல."

யாரோ ஒருவர் சிரித்துவிட்டு உடனே நிறுத்திக்கொண்டார். ஜெயராம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்போது தேவானை பேசினாள்.

"இன்னா சார் இது நியாயம்? அவங்க பயந்துக்கினாங்க, சரி. நீங்களும்தானே பயந்துக்கினீங்க? ரெண்டு தபா நீங்களும் கவுத்தீங்க, இந்தத் தம்பியும் கவுத்துது. மூணு பேரும் கவுத்துக்கினே இருந்தீங்க. கவுக்க வழியில்லாம ஆடிக்கினு இருந்தவ நான் ஒருத்திதான். உங்களைத் தூக்குனது யாரு? அந்தம்மாவா, நானா?"

ரகுபதி கெட்டவர் இல்லை. பொறி தட்டினால் விடாத மனிதர், அவ்வளவுதான். "புகாரை வாபஸ் வாங்கிக்கிறேன் சார்" என்று சொல்லி உட்கார்ந்தார். அன்று சாயங்காலம் தேவானையின் கிரைண்டரை ஆட்டோவில் ஏற்றியவரும் அவர்தான்.

கூட்டம் கலைந்து இறங்கும்போது மாடிப்படியில் தேவானை அபயாம்பாளை மறித்துக்கொண்டு நின்றாள்.

"நான் ஜெயிச்சது ஜெயிச்சதுதானே?"

"நீதான் ஜெயிச்சே. எனக்குக் கடைசிக் கைல ஒண்ணுமே சேரல."

"அது போதும்" என்றாள் தேவானை. இறங்கப் போனவள் திரும்பினாள். "ஞாயித்துக்கிழமை ஆனா சைதாப்பேட்டை மார்க்கெட்டாண்ட வாயேன். நான் அங்கதான் கறிகாய் வாங்குவேன். சும்மா சுத்திட்டுப் போவலாம்."

அபயாம்பாள் "பாக்கலாம்" என்றாள். அவள் போகவில்லை. தேவானையும் இரண்டு தடவை கேட்டுவிட்டு விட்டுவிட்டாள். மிக்ஸியைப் பெட்டியோடு அபயாம்பாள் அலமாரியின் மேல் வைத்திருந்தாள். ஏற்கெனவே ஒன்று நன்றாக ஓடிக்கொண்டிருந்தது.

அந்தப் பேச்சுக்குப் பிறகு ஆபீஸில் அவளிடம் எல்லோரும் ஒரு மாதிரி மெத்தென்று நடக்க ஆரம்பித்தார்கள். 'ஸ்கூட் மேடம்' என்ற பெயர் நின்றுபோனது. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வாருங்கள் என்று ஆழ்வார்பேட்டையிலிருந்தும் அடையாறிலிருந்தும் அழைப்பு வந்தது. ஒன்றிரண்டு வீட்டுக்குப் போனாள். சாப்பிட்டாள், நன்றாக இருந்தது என்றாள், பஸ் ஏறி வந்துவிட்டாள். என் வீட்டுக்கும் வந்தாள். என் புருஷன் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் சொன்னாள். அவள் போன பிறகு அவர், "பாவம்" என்றார். எனக்கு அந்த வார்த்தை பிடிக்கவில்லை. ஆனால் வேறு என்ன வார்த்தை சொல்ல வேண்டும் என்றும் எனக்குத் தெரியவில்லை.

மத்தியான ரம்மிக்கு மட்டும் தவறாமல் வந்தாள். பழைய மாதிரியேதான் ஆடினாள்.

அடுத்த டிசம்பரில் மறுபடியும் போட்டி வந்தது. அவள் பெயர் கொடுப்பாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கொடுத்தாள். முதல் மேஜையில் அவளோடு தேவானையும் இருந்தாள். முதல் ஆட்டத்தில் அவளுக்கு வந்த கையை நான் பார்த்தேன். கேவலமான கை. இரண்டு சீட்டு ஒன்றோடொன்று ஒட்டவில்லை. எவருமே கவிழ்ப்பார்கள். அவள் ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு கையை நீட்டிச் சீட்டுக்கட்டிலிருந்து ஒரு சீட்டை எடுத்தாள்.

தேவானை நிமிர்ந்து பார்த்தாள்.

எண்பது ஏறியது. அடுத்த ஆட்டத்திலும் எடுத்தாள். ஐம்பத்தொன்பது. மூன்றாவது ஆட்டத்தில் கை பரவாயில்லை. முன்னால் ஆடியவர் ஒரு ஆட்டின் ராணியைக் கீழே போட்டார். அதை எடுப்பதா விடுவதா என்று தயங்கி, விட்டுவிட்டுக் கட்டிலிருந்து எடுத்தாள். பக்கத்திலிருந்தவர் அடுத்த சுற்றில் காட்டிவிட்டார். ஜோக்கர் இல்லாத வரிசை ஒன்றும் சேராததால் முழுக் கையும் எண்ணி எழுபத்து நாலு. பத்தே காலுக்கெல்லாம் அவள் ஆட்டம் முடிந்துவிட்டது. பதினெட்டுப் பேரில் முதலில் வெளியேறியவள் அவள்தான்.

எழுந்தாள். புடவையை உதறிச் சரிசெய்துகொண்டு படியிறங்கினாள். நானும் கூடவே கீழே வந்தேன். தெருவில் பாண்டி பஜார்க் கூட்டம் ஆரம்பித்திருந்தது. பஸ் ஸ்டாப்பில் போய் நின்றோம். பன்னிரண்டு பி பஸ் தூரத்தில் வருவது தெரிந்தபோது சட்டென்று என் பக்கம் திரும்பினாள்.

"அந்த ஆட்டின் ராணிய எடுத்திருக்கணும் மீனாட்சி. என் கைலயே கிளாவர் ராணி ஒண்ணு இருந்தது, ஜோக்கரும் இருந்தது. மடச்சி மாதிரி விட்டுட்டேன்."

"விடு, சீட்டுதானே."

"சீட்டுதானேவா? எடுத்திருந்தா அடுத்த கைல முடிஞ்சிருக்கும்!" என்றாள். அவள் குரல் உயர்ந்து அந்த மூன்று வருடத்தில் நான் கேட்டதில்லை. பஸ்ஸுக்கு நின்றிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

ஏறிப் போனாள். அன்று சாயங்காலம் என்ன செய்தாள் என்று தெரியாது. திங்கட்கிழமை வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு உட்கார்ந்ததும் மறுபடியும் அந்த ராணியைப் பற்றி ஆரம்பித்தாள். செவ்வாய்க்கிழமையும் அதே பேச்சு. புதன்கிழமை ரகுபதியை உட்கார வைத்து, அந்தக் கையை அப்படியே ஒரு தாளில் எழுதிக் காட்டி, எடுத்திருந்தால் ஜெயித்திருப்பாளா இல்லையா என்று அரை மணி நேரம் சண்டை போட்டாள்.